விருந்துக்குப் பிடித்த நான்கு விரால்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மதுரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் அரைப் பக்கம் காலியாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். என் தொழில் பிழை திருத்துவது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து முனைவர் பட்ட ஆய்வேடு வரை எது வந்தாலும் ஒற்றெழுத்துப் போட்டு அனுப்புவேன். "ஒரு வெற்றிக் கதை, இருநூறு சொல்லுக்குள்ள, புகைப்படத்துக்கு இடம் விட்டு" என்றார்கள்.

தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: 'கடலோர மக்களோடு இணைந்து கடல்வளம் காத்தல்: விரிவாக்கப் பணிகள்.'

மதுரைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அந்தத் திட்டத்தை நடத்தும் பவதாரிணி பல்கலைக்கழகக் கேன்டீனில் பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மதுரையில கடல் இல்லதான் சார். ஆனா கடல்ல இருந்து வர்றதத் திங்கிற வாய் எம்புட்டு இருக்குன்னு பாருங்க."

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். இரண்டு வடை, மூன்று டீ நேரம். கேட்டு முடித்தபோது இது இருநூறு சொல்லுக்குள் அடங்காது என்று தெரிந்துவிட்டது. ஆண்டறிக்கைக்கு வேறு எதையோ எழுதிக் கொடுத்தேன். மிச்சம் இதோ.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நீலக் கடல் விரிந்து கிடந்தது. அலைகள் ஆர்ப்பரித்து…"

(அடித்துவிட்டேன். நான் போய்ப் பார்த்த அன்று அந்தக் கடல் சாம்பல் நிறத்தில், கண்மாய்த் தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. ராமநாதபுரத்துக்கு வடக்கே பல நாள் அப்படித்தான் கிடக்கும் என்றார்கள்.)

இரண்டாம் முயற்சி:

"முனைவர் பவதாரிணி, வயது முப்பது, திருவாதவூரை அடுத்த சிற்றூரில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, கடல் உயிரியலில்…"

(இது வேலைக்கான விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. ஆனால் தகவல் சரி. அப்பா சிவபாண்டி ஊரான் வயலில் நாற்று சுமந்தவர். பவதாரிணி கடலை முதன்முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில், பத்தொன்பது வயதில்.)

மூன்றாம் முயற்சி:

"அக்கா, டயர் பஞ்சர்."

இது பரவாயில்லை. உண்மையில் பவதாரிணி சொன்ன வாக்கியம். சொன்ன இடம் திருப்புவனம் டீக்கடை, நேரம் காலை ஆறு மணி. அந்த வேனில் டயர் நான்கும் நன்றாகத்தான் இருந்தன.

அவர் ஏன் பொய் சொன்னார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

3

கடற்கரையில் ஓர் ஊர். பெயரை மாற்றிப் பனைமுனை என்று வைத்துக்கொள்கிறேன். நூற்றுச் சொச்சம் வீடு. ஆண்கள் வள்ளத்தில் போய் வலை விடுவார்கள். வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்தெடுப்பது பெண்கள் வேலை. பிரிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருப்பவர் முத்துமீனா. நாற்பத்திரண்டு வயது, கணீரென்ற குரல். அவர் "சரி" என்றால் ஊரில் பாதி சரி என்று அர்த்தம். மீதிப் பாதியை அவரே வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சம்மதிக்க வைப்பார்.

கரையை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில், கடற்புல் வளர்ந்த இடம் ஒன்று உண்டு. நண்டுக் குஞ்சுகள் அங்கேதான் ஒளிந்து வளரும். வருஷத்தில் மூன்று மாதம் அங்கே மட்டும் வலை போடாமல் விடுங்கள் என்று கேட்பதுதான் பவதாரிணியின் வேலை. வரைபடம் கொண்டு போனார். கண்ணாடித் தொட்டியில் குஞ்சு நண்டைக் கொண்டு போய்க் காட்டினார். ஏழு கூட்டம் போட்டார்.

ஏழிலும் முத்துமீனா முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டு, கடைசியில் ஒரே பதிலைச் சொன்னார். "சட்டம் கிட்டம் எங்க ஊருக்கு வேணாம் மேடம். நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா வேணாம்."

ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

(இந்த இடத்தில் என் முதல் பிரதியில் முத்துமீனாவைப் 'படிப்பறிவில்லாத, பிடிவாதக்காரப் பெண்' என்று எழுதியிருந்தேன். பவதாரிணி அதைப் படித்துவிட்டு அனுப்பிய குறுஞ்செய்தி: "சார், அந்தக்கா பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு. மாத்துங்க." மாற்றிவிட்டேன். பிடிவாதத்தையும் எடுத்துவிட்டேன். ஏன் என்று எட்டாம் பகுதியில் தெரியும்.)

எட்டாவது கூட்டத்தில் முத்துமீனா திருப்பிக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஊர்ல நீங்க எதையாச்சும் பிடிக்காம, பறிக்காம, இப்படிச் சும்மா விட்டு வச்சிருக்கீங்களா? இல்ல எங்களுக்கு மட்டும்தானா?"

பவதாரிணி யோசிக்கவே இல்லை. "எங்க கண்மாய் இருக்குக்கா. மீன்பிடித் திருவிழா வரைக்கும் ஒருத்தரும் தூண்டில்கூடப் போட மாட்டாங்க. அன்னைக்கு வெள்ளைத் துண்டு வீசுனாத்தான் ஊரே இறங்கும்."

"ஒருத்தருமா?"

"ஒருத்தருமே."

"காட்டுங்க. பாத்துட்டுப் பேசுவோம்."

4

(கதை எழுதுகிறவனுக்கு 'ஒருத்தருமே' என்ற சொல் வாயில் வெல்லம் போட்டதுபோல. அடுத்து என்ன ஆகும் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும். நடந்தது அதுதான், ஆனால் நடந்த விதம் நீங்கள் நினைப்பதுபோல இல்லை.)

வைகாசியில் கண்மாய் வற்றி முழங்காலளவுக்கு வந்ததும் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். பல்கலைக்கழகத்தில் வேன் கொடுத்தார்கள். ஓட்டுநர் அழகுமலை. பவதாரிணி முந்தின நாளே போய்ப் பனைமுனையில் தங்கி, விடியுமுன் இருபத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பரமக்குடி தாண்டும்வரை பாட்டு. மானாமதுரையில் ஒரு வாந்தி. திருப்புவனத்தை நெருங்கும்போது பவதாரிணியின் அம்மா சோணையம்மாள் போனில் கூப்பிட்டார்.

"வண்டிய மெதுவா விடச் சொல்லும்மா. எங்கிட்டாச்சும் நிப்பாட்டி டீயக் குடிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

"ஏம்மா?"

"உன் தம்பி பண்ணுன காரியம். கண்மாயில வலை வீசிப்புட்டான்."

பாண்டிராஜ். இருபத்தாறு வயது, சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவன். விடியற்காலை கண்மாயில் இறங்கி நான்கு விரால் பிடித்திருக்கிறான். கண்மாய்க் காவலுக்கு ஊர் வைத்திருக்கும் வெள்ளைத்துரை கையும் வாளியுமாகப் பிடித்துவிட்டார். ஊர் கரையில் கூடிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா பிடிச்சான்? நாலு மணி நேரம் பொறுக்க முடியலையா?"

அம்மா சொன்னார். "அக்கா கூட்டிட்டு வர்றவங்க கடக்கரைக்காரங்க, வந்து இறங்குனதும் மீன் கொழம்பு இல்லாம இட்லி எப்படி வைக்கிறதுன்னு கேட்டான். நான் கோழி இருக்குடான்னேன். கடக்கரைக்காரங்களுக்குக் கோழியா, நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்கன்னுட்டுப் போயிட்டான்."

5

இங்கே எனக்குப் பெரிய சிக்கல். திருப்புவனம் டீக்கடையில் அந்தப் பத்து நிமிஷம் பவதாரிணியின் மனதில் என்ன ஓடியது?

முதல் பிரதியில் இப்படி எழுதினேன்: "உண்மை ஒன்றே தன் துணை என உணர்ந்த அவள், நிமிர்ந்து நின்று அனைவரிடமும்…"

பவதாரிணி போனிலேயே சிரித்துவிட்டார். "நானா? நிமிந்தா? சார், நான் வேனுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுட்டு அழுதேன். அப்புறம் வந்து பஞ்சர்னு சொன்னேன்."

ஆகவே, நடந்தபடி:

"அக்கா, டயர் பஞ்சர். சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும். எல்லாரும் டீ குடிங்க."

முத்துமீனா டீக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒவ்வொரு டயராகக் காலால் தட்டினார். அழகுமலையைப் பார்த்தார். அழகுமலை வானத்தைப் பார்த்தார்.

"எந்த டயரு தம்பி?"

"அது… உள்டயருங்கக்கா."

"வேனுக்கு ஏது உள்டயரு?"

அழகுமலை பவதாரிணியைக் காட்டிவிட்டு இன்னொரு டீ சொல்லப் போய்விட்டார். முத்துமீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பவதாரிணியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தம்பி, வலை, விரால், ஊர்க்கூட்டம் எல்லாம். "ஒருத்தருமே பிடிக்க மாட்டாங்கன்னு உங்ககிட்டச் சொன்னேன்கா. எங்க வீட்டுலயே பிடிச்சிருக்கான். திரும்பிப் போயிருவோமா?"

முத்துமீனா மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

"எத்தன மணிக்குக் கூட்டம்?"

"இப்பத்தான் கூடுறாங்களாம்."

"அப்ப ஏன் இங்க உக்காந்திருக்கோம்? ஏய், எல்லாரும் ஏறுங்கடி! தம்பி, வண்டிய விரட்டு!"

*

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. பவதாரிணி அழுததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார்" என்றார். அவர் அப்பா காலத்தில் அவர்கள் தெருக்காரர்கள் கண்மாயில் கடைசியாகத்தான் இறங்க வேண்டும். மேலத்தெரு பிடித்து முடித்து, கலங்கிய சேற்றில் மிச்சம் இருந்தால் உண்டு. ஒன்றாக இறங்கத் தொடங்கியது பவதாரிணி பள்ளிக்கூடம் போன காலத்தில், பல சண்டைக்குப் பிறகு. இப்போது அந்தத் தெருப் பையன் முறை தவறிவிட்டான். ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கும்? மேலத்தெருவுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுமோ? அந்தப் பயம்தான் அவரை வேனுக்குப் பின்னால் ஒளிய வைத்தது.]

6

கரையில் நானூறு பேர் இருந்தார்கள். எல்லார் கையிலும் மூங்கில் ஊத்தாக் கூடை, வலை, வேட்டி, கொசுவலை, என்ன கிடைத்ததோ அது. நடுவில் பாண்டிராஜ், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. காலடியில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் நான்கு விரால். அதில் ஒன்று மல்லாந்துவிட்டது.

வேனிலிருந்து இருபத்திரண்டு பெண்கள் இறங்கியதும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. விருந்தாளிகள் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள்.

"பேசுங்கண்ணே, நாங்க இதைத்தான் பாக்க வந்தோம்" என்றார் முத்துமீனா. அவர் குரல் எதிர்க்கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

வெள்ளைத்துரை மேலத்தெருக்காரர், அறுபதை நெருங்குகிறவர். தொண்டையைச் செருமினார்.

"பாண்டி, பிடிச்சியா?"

"பிடிச்சேண்ணே."

"எதுக்குப் பிடிச்ச?"

பாண்டிராஜ் வேன் பக்கம் பார்த்தான். "விருந்தாளிகளுக்கு."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. வெள்ளைத்துரை சிரிக்கவில்லை, ஆனால் மீசையைத் தடவிக்கொண்டார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

"காரணம் நல்ல காரணம்தான். ஆனா காரணம் இல்லாம எவன் பிடிக்கிறான்? போன வருசம் என் மருமகன் பிடிச்சான். மாமனார் வீட்டுக் கண்மாய்னு நினைச்சுட்டேன்னான். என்ன பண்ணுனோம்?"

"கரையில நிப்பாட்டுனோம்!" என்றது கூட்டம்.

"அதேதான் இவனுக்கும். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

பவதாரிணி என்னிடம் சொன்னார்: "அந்த ஒரு சொல்லுக்குத்தான் சார் நான் காத்துக்கிட்டிருந்தேன். அதே. அம்புட்டுதான்."

தண்டனை இதுதான். முறை தவறியவன் அன்றைக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையில் நின்று, இறங்குகிறவர்களின் செருப்பையும் செல்போனையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயிரோடிருந்த மூன்று விராலைப் பாண்டிராஜே கொண்டு போய்க் கண்மாயில் விட்டான். செத்த நான்காவதை என்ன செய்வது என்று விவாதம் வந்தது. விருந்தாளிக்குக் கொடுக்கலாம் என்றது ஒரு கட்சி. அது தப்புக்குக் கூலி கொடுத்ததாகிவிடும் என்றது இன்னொரு கட்சி. விவாதம் சூடுபிடித்த நேரத்தில் ஒரு நாய் வாளிக்குள் தலையை விட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. தீர்ப்பு ஒருமனதாக ஏற்கப்பட்டது.

வெள்ளைத் துண்டு வீசப்பட்டது.

7

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அதனால் நான்கு பக்கம் எழுதி, மூன்றரைப் பக்கத்தைக் கிழித்தேன். மிச்சம்:

கடலில் பிறந்து வளர்ந்த பெண்கள் கண்மாய்ச் சேற்றில் பத்தடி போவதற்குள் மாட்டிக்கொண்டார்கள். "எங்க ஊருல காலுக்கு அடியில மணலு நிக்கும். இங்க என்னமோ காலப் பிடிச்சு உள்ள இழுக்குதே!" என்று முத்துமீனா கத்தினார். இரண்டு பேர் இரு பக்கம் பிடித்து இழுத்ததில் மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவருக்குக் கெளுத்தி முள் குத்தி, அவர் வைத வசவில் பக்கத்திலிருந்த ஆண்கள் விலகிப் போனார்கள். ஊத்தாவை எப்படிக் கவிழ்ப்பது, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு எப்படித் துழாவுவது என்று ஊர்ப் பெண்கள் காட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் முத்துமீனா ஒரு ஜிலேபிக் கெண்டையைப் பிடித்தார். உள்ளங்கை அகலம்தான். அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டிய கர்வத்தைப் பார்த்தால் சுறாவைப் பிடித்தவர் என்று நினைப்பீர்கள்.

கரையில் பாண்டிராஜ். அவனைச் சுற்றி நானூறு ஜோடிச் செருப்பு. இரண்டு சாக்கில் செல்போன். நிமிஷத்துக்கு ஒன்று அடித்தது. எடுத்து எடுத்து, "அவரு தண்ணிக்குள்ள இருக்காருங்க. இல்லங்க, நான் செருப்புப் பாத்துக்கிறவன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். செருப்பை வாங்கும்போது ஒவ்வொருவரும் ஏதோ சொன்னார்கள். "மாப்ள, என் செருப்புக்கு வார் அந்து போயிருக்கு, தைச்சு வச்சியா?" "பாண்டி, உனக்கு ஒரு கெண்டை வச்சிருக்கேன், வாங்கிக்க." மத்தியானத்துக்குள் அவன் காலடியில், யார் யாரோ போட்டுவிட்டுப் போன மீன் ஒரு கூடை சேர்ந்துவிட்டது. பனைமுனைப் பெண்கள் அதைத்தான் அன்று குழம்பில் சாப்பிட்டார்கள்.

8

சாப்பாடு முடிந்து, வேனில் ஏறுமுன் முத்துமீனா பாண்டிராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லு. ஊரு முன்னாடி நின்னது எப்படி இருந்துச்சு?"

"கேவலமாத்தான் இருந்துச்சுக்கா. ஒரு மணி நேரம். அப்புறம் சரியாப் போச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கு என்னக்கா? நாளைக்கு வெள்ளைத்துரையண்ணனுக்குச் செங்கல் லோடு இருக்கு. அடிச்சுக் கொடுக்கணும்."

முத்துமீனா வேனில் ஏறிப் பவதாரிணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி மானாமதுரை தாண்டியதும், எட்டுக் கூட்டத்தில் சொல்லாததைப் பவதாரிணியிடம் சொன்னார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பனைமுனையிலும் ஒரு சட்டம் போட்டார்களாம். குஞ்சுகளையும் அள்ளும் சின்னக் கண்ணி வலை கூடாது என்று. முதலில் முன்மொழிந்தது முத்துமீனா. முதலில் மீறியது அவருடைய கொழுந்தன் நம்புராஜன். ஊர் கூடி அவனை ஒதுக்கி வைத்தது. தண்ணீர் புழங்கக் கூடாது, வள்ளத்துக்குக் கை கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக் கூடாது. ஆறு மாதம் தாங்கினான். பிறகு பெண்டாட்டி பிள்ளையோடு கொல்லம் பக்கம் படகு வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. முத்துமீனாவின் வீட்டுக்காரர் இன்றுவரை தம்பி பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

"சட்டம் போட்டது நானு. போனது எங்க வீட்டுப் பிள்ள. அப்புறம் எந்த வாயில நான் இன்னொரு சட்டத்துக்குச் சரின்னு சொல்வேன்? நண்டு திரும்பி வரும்னு நீ படம் போட்டுக் காட்டுன. போன மனுசன் திரும்பி வருவானான்னு ஒருத்தரும் காட்டல. இன்னைக்கு அந்தப் பய செருப்புக்கு நடுவுல நின்னானே, அதைப் பாத்ததும்தான்… தப்புப் பண்ணுனவனுக்குத் தண்டனைய ஒரே நாள்ல முடிச்சு, சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிரலாம்னு எங்களுக்குத் தோணவே இல்லையே."

(இந்தப் பேச்சை நான் திருத்தவில்லை. பவதாரிணி சொன்னபடியே வைத்திருக்கிறேன். ஒற்றெழுத்து மட்டும் பழக்கத்தில் விழுந்துவிட்டது.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது கூட்டம். அதைப் பவதாரிணி நடத்தவில்லை, முத்துமீனா நடத்தினார். கடற்புல் கிடக்கும் இடத்தைச் சுற்றி ஊர்க்காரர்களே கொடிக்கம்பு நட்டார்கள். ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, துண்டு வீசித் திறப்பது என்று முடிவானது. அதற்குள் மீறுகிறவர்கள் திறப்பு நாளில் கரையில் நிற்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் விஷயம் முடிந்தது; மறுநாள் யாரும் அதைப் பேசக் கூடாது. கடைசி வரியை முத்துமீனா இரண்டு முறை எழுதச் சொன்னார்.

9

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது, ஆண்டறிக்கைக்கு: கொடிக்கம்பு, புகைப்படம், 'பயனடைந்த குடும்பங்கள் நூற்றுப் பன்னிரண்டு'. இதை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, நான் ஆசைப்பட்டு எழுதியது: திறப்பு நாளில், துண்டு வீசும் நேரத்தில், பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வருகிறது. நம்புராஜன்… (இதை எழுதி முடித்துப் பவதாரிணிக்கு அனுப்பினேன். "நல்லா இருக்கு சார். ஆனா முத்துமீனாக்கா படிக்கும். வேணாம்" என்று பதில் வந்தது. அந்த 'வேணாம்' எனக்குப் புரிந்தது. எடுத்துவிட்டேன்.)

மூன்றாவதில் அவன் வரவில்லை. அதை நான் எழுதவே இல்லை. எழுதக் கை வரவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். போன மாதம் முத்துமீனாவின் வீட்டுக்காரர் தானாகவே கொல்லத்துக்குப் போன் போட்டிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இருபது நிமிஷம் பேசினார் என்பது மட்டும் தெரியும். இந்த மூன்று மாதத்தில் இரண்டு பேர் கொடிக்கம்புக்கு உள்ளே வலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர் முத்துமீனாவின் வீட்டுக்காரரேதான் என்று பவதாரிணி சிரித்துக்கொண்டே சொன்னார். வேண்டுமென்றே போட்டாரோ என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதாம். தம்பி வந்தால், பழைய தப்புக்குக் கரையில் அவன் தனியாக நிற்கக் கூடாது, தானும் பக்கத்தில் நிற்கலாம் என்று யோசித்திருப்பாரோ? எனக்குத் தெரியாது. ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் எழுத்தாளன் நுழையலாம். பனைமுனைக்காரர் மனதுக்குள் நுழைய எனக்கு அனுமதி இல்லை.

இதை எழுதுவது புதன்கிழமை. திறப்பு நாள் நாளை மறுநாள். நேற்று முத்துமீனா என்னைக் கூப்பிட்டார்.

"எழுதி முடிச்சாச்சா?"

"முடிவு மட்டும் பாக்கிங்க."

"அதை நீங்க எதுக்கு எழுதுறீங்க? வந்து பாருங்க."

ஆகவே நான் போகிறேன். வெள்ளிக்கிழமை காலை நான்கரைக்கு வேன் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து கிளம்புகிறது. பாண்டிராஜ் வருகிறான், வெள்ளைத்துரை வருகிறார். பின்சீட்டில், ஜன்னலோரம், ஓர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்களும் வருவதானால் மாற்றுத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இடுப்பளவு தண்ணீர்.